எட்டாவது வந்தும் வெளியே: தகுதி விதிகள் கிளப் ரக்பியில் போட்டியைக் கூட்டுகின்றனவா, குறைக்கின்றனவா?

ஒன்பதாம்_சட்டை எழுதியது:

அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, இத்தாலி, தென்னாப்பிரிக்க அணிகள் ஆடும் யுனைடெட் ரக்பி சாம்பியன்ஷிப் லீக்கின் 2023-24 பட்டியலை நேற்று மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். வேல்ஸின் ஆஸ்ப்ரேஸ் எட்டாவது, தென்னாப்பிரிக்காவின் ஷார்க்ஸ் பதினான்காவது. ஆனால் அடுத்த சீசன் ஐரோப்பாவின் முதல்நிலைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் கோப்பையில் ஆடியது ஷார்க்ஸ்தான். ஆஸ்ப்ரேஸ் அதற்கு அடுத்த நிலையான சேலஞ்ச் கோப்பைக்குப் போனது. இந்த லீக்குக்கு எட்டு இடம். சேலஞ்ச் கோப்பையை ஷார்க்ஸ் வென்றதால் அந்த எட்டில் ஒன்று அவர்களுக்குப் போய்விட்டது. வேல்ஸிலிருந்து ஒரு அணிகூட இல்லாமல் 2024-25 சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது.

அநியாயம் என்று கத்துவதற்கு முன்னால் ஒரு வருடம் பின்னால் போங்கள். 2022-23ல் எட்டாவது வந்தது யார்? இதே ஷார்க்ஸ். அப்போது ஒவ்வொரு பிராந்தியத்திலும் முதலில் வரும் அணிக்கு ஒரு இடம் உறுதி என்ற விதி இருந்தது. வேல்ஸில் முதலில் வந்த கார்டிஃப் ஒட்டுமொத்தப் பட்டியலில் பத்தாவது. பத்தாவது உள்ளே, எட்டாவது வெளியே. அப்படி வெளியே தள்ளப்பட்ட ஷார்க்ஸ் சேலஞ்ச் கோப்பையில் போய் உட்கார்ந்தது. 2024 மே மாதம் லண்டனில் நடந்த இறுதிப் போட்டியில் இங்கிலாந்தின் குளோஸ்டரை 36-22 என்று வென்றது. அந்தக் கோப்பையைக் காட்டித்தான் மறுவருடம் ஆஸ்ப்ரேஸின் இடத்தை எடுத்துக்கொண்டது. வேல்ஸ் வாங்கிய கடனை வேல்ஸே வட்டியோடு கட்டியது மாதிரி ஆகிவிட்டது.

இதற்கும் முந்தைய வருடம் இதே அடி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கு. 2021-22ல் எட்டாவது வந்தும் அவர்கள் வெளியே. ஒன்பதாவது வந்த ஆஸ்ப்ரேஸ் வேல்ஸ் பிராந்தியத்தில் முதலிடம் என்பதால் உள்ளே போனது.

என் கட்சி சுலபம். பட்டியலில் மேலே இருப்பவன் போகட்டும். வேறு எந்த வழியில் இடம் கொடுத்தாலும் லீக் ஆட்டங்களின் மதிப்பு குறையும். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

---

பழைய_ஸ்க்ரம் எழுதியது:

இந்தச் சண்டை உங்களுக்குப் புதிது, எங்களுக்குப் பழையது. 2014க்கு முன்னால், சாம்பியன்ஸ் கோப்பையின் முன்னோடியான ஹைனகென் கோப்பை நடந்த விதத்தைப் பார்த்தவர்களுக்கு இன்றைய அநியாயமெல்லாம் கொசுக்கடி.

அப்போது மொத்தம் 24 அணிகள். இங்கிலாந்துக்கு 6, பிரான்ஸுக்கு 6. இவர்கள் தங்கள் லீக்கில் முட்டி மோதி வரவேண்டும். ஸ்காட்லாந்தில் இருப்பதே இரண்டு அணி, இரண்டுக்கும் இடம். இத்தாலியிலும் இரண்டு, இரண்டுக்கும் இடம். அயர்லாந்து, வேல்ஸ் இரண்டிலும் நான்கில் மூன்று. கோப்பைகளை வென்ற அணியின் நாட்டுக்குக் கூடுதல் இடம் வேறு. 2012-13ல் கணக்குப் போட்டால் புரோ12 லீக்கின் (இன்றைய யுனைடெட் ரக்பி சாம்பியன்ஷிப்பின் பழைய வடிவம்) 12 அணிகளில் 11 ஹைனகென் கோப்பையில் இருந்தன. வெளியே நின்ற ஒரே அணி வேல்ஸின் டிராகன்ஸ். லீக்கில் எந்த இடத்தில் முடித்தாலும் ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குக் கவலையில்லை. அவர்களும் கிளாஸ்கோவும் எப்படியும் உள்ளே.

அந்த சீசனில் இத்தாலியின் செப்ரே லீக்கில் 22 ஆட்டம் ஆடி 22லும் தோற்றது. ஒரு வெற்றிகூட இல்லை. அடுத்த சீசன் ஹைனகென் கோப்பையில் செப்ரே இருந்ததா? இருந்தது. பிரான்ஸின் துலூஸும் இங்கிலாந்தின் சாரசன்ஸும் இருந்த பிரிவில்!

இங்கிலாந்து, பிரெஞ்சு கிளப்புகளின் புகார் இதுதான். நாங்கள் வாராவாரம் முழு அணியை இறக்கி அடிபட்டு வருகிறோம். நீங்களோ லீக் ஆட்டத்துக்குப் பையன்களை அனுப்பிவிட்டு, நட்சத்திரங்களைப் படுக்கையில் வைத்து, ஐரோப்பிய வாரத்தில் புத்தம்புதிதாக இறக்குகிறீர்கள். 2012 ஜூனில் விலகல் நோட்டீஸ் கொடுத்தார்கள். இரண்டு வருட இழுபறிக்குப் பிறகு 2014-15ல் சாம்பியன்ஸ் கோப்பை வந்தது. 20 அணிகள், புரோ12க்கு 7 இடம், அதில் நான்கு நாடுகளுக்கும் குறைந்தது ஒன்று, கடைசி இருபதாவது இடத்துக்குத் தனியாக பிளேஆஃப்.

---

மழையில்_பந்து எழுதியது:

பழைய_ஸ்க்ரம் அண்ணே, செப்ரே கதையைச் சொன்னீர்கள். அதே பிரிவில் இருந்த நான்காவது அணியை ஏன் சொல்லவில்லை? கானக்ட்!

அயர்லாந்தின் நான்காவது அணி. தன் சொந்த ரேங்கில் அவர்கள் அங்கே வரவில்லை. இன்னொரு அயர்லாந்து அணியான லெய்ன்ஸ்டர் ஒரு கோப்பையை வென்றதால் கிடைத்த கூடுதல் இடத்தில் நுழைந்தவர்கள். 2013 டிசம்பரில் துலூஸ் மைதானத்துக்கே போய் 16-14 என்று வென்றார்கள். நான்கு முறை ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய துலூஸை, அவர்கள் ஊரில்! அன்று அந்த ஸ்கோரைப் பார்த்து வலைப்பக்கம் பழுதாகிவிட்டதோ என்று இரண்டு முறை புதுப்பித்தேன். (அடுத்த வாரமே துலூஸ் கானக்ட்டின் ஊரான கால்வேக்கு வந்து பெரிய வித்தியாசத்தில் பழி தீர்த்துக்கொண்டது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் சொல்வீர்கள்.)

ஆக ஒரே பிரிவு, ஓசியில் வந்த இரண்டு அணிகள். ஒன்று சும்மா வந்து போனது, இன்னொன்று சரித்திரம் படைத்தது. விதியை மட்டும் வைத்து எப்படித் தீர்ப்பு சொல்வீர்கள்?

அப்புறம், 2012ல் நடந்த சண்டையில் நியாயம் எவ்வளவு, பணம் எவ்வளவு என்பதையும் பேசுங்கள். இங்கிலாந்து கிளப்புகள் அதே வருடம் பிடி தொலைத்தொடர்பு நிறுவனத்தோடு பெரிய தொலைக்காட்சி ஒப்பந்தம் போட்டன. வருமானப் பங்கீட்டை மாற்றவேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைதான். தகுதி விதி என்பது மேடையில் பேச நல்ல வசனம்.

---

பழைய_ஸ்க்ரம் எழுதியது:

பணம் இல்லாமல் எந்தச் சண்டை நடந்தது? ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் கானக்ட்டே என் கட்சிக்குச் சாட்சி சொல்கிறது, கவனியுங்கள்.

2013-14ல் கானக்ட் லீக்கில் பத்தாவது. புதிய விதி வந்த 2014-15ல் ஏழாவது. அந்த ஏழாவது இடம் அவர்களை பிளேஆஃபுக்குக் கொண்டுபோனது. குளோஸ்டரின் கிங்ஸ்ஹோம் மைதானம். 80 நிமிடம் முடிந்தபோது சமன். கூடுதல் நேரத்தில் 40-32 என்று கானக்ட் தோற்றது. அதற்கு அடுத்த வருடம்? மர்ரேஃபீல்டில் லெய்ன்ஸ்டரை 20-10 என்று அடித்து லீக் சாம்பியன். அண்ணன் கோப்பை வென்றால் எனக்கு இடம் என்று காத்திருந்த அணிக்கு, நீயே சம்பாதித்துக்கொள் என்று சொன்னதும் முதுகு நிமிர்ந்தது.

---

மழையில்_பந்து எழுதியது:

முதுகை நிமிர்த்தியது பாட் லாம் என்ற கோச். களத்தில் பண்டி ஆக்கி மாதிரி ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். விதி என்று நோட்டீஸ் பலகையில் ஒட்டிய காகிதம் ட்ரை (கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றிப் புள்ளி எடுப்பது) போடாது.

இன்னொன்று. விதி கடுமையானால் தரம் உயரும் என்றால், 2015-16 சாம்பியன்ஸ் கோப்பை காலிறுதியைப் பாருங்கள். ஐந்து இங்கிலாந்து அணிகள், மூன்று பிரெஞ்சு அணிகள். புரோ12லிருந்து ஒன்றுகூட இல்லை. சாம்பியனாகப் போகிற கானக்ட் அந்தப் போட்டியிலேயே இல்லை, முந்தைய வருட பிளேஆஃப் தோல்வியால்.

---

கோடுதாண்டி எழுதியது:

இருவரும் உணர்ச்சியில் பேசுகிறீர்கள். கொஞ்சம் கணக்கு பேசலாம்.

இன்றைய சாம்பியன்ஸ் கோப்பை: 24 அணிகள், ஆறு ஆறாக நான்கு பிரிவுகள், ஒவ்வொரு அணிக்கும் நான்கு ஆட்டம். மொத்தம் 48 ஆட்டம். அதன் முடிவில் 16 அணிகள் நாக்-அவுட்டுக்குப் போகின்றன. அதாவது 8 அணிகளை வெளியே அனுப்ப 48 ஆட்டம் ஆடுகிறோம்! 2024-25ல் அயர்லாந்தின் அல்ஸ்டர் நான்கில் மூன்று தோற்றது. துலூஸிடம் 61-21. ஒரே ஒரு வெற்றி, எக்ஸிடருக்கு எதிராக. போதும், கடைசி 16ல் இடம் கிடைத்துவிட்டது. அங்கே பிரான்ஸின் போர்டோவிடம் தோற்று வீட்டுக்குப் போனார்கள். அதே கட்டத்தில் லெய்ன்ஸ்டர் ஹார்லிக்வின்ஸை 62-0 என்று வென்றது. இது நாக்-அவுட்டா, பயிற்சி ஆட்டமா?

நுழைவு வாசல் இன்னும் அகலம். வொர்ஸ்டர், வாஸ்ப்ஸ், லண்டன் ஐரிஷ் மூன்றும் கடனில் மூழ்கிய பிறகு இங்கிலாந்து பிரீமியர்ஷிப்பில் 10 அணிகள்தான். அதில் 8 சாம்பியன்ஸ் கோப்பைக்குப் போகும். பழைய புரோ12ல் 12க்கு 11 என்று அன்று கூச்சல் போட்டவர்கள் இன்று 10க்கு 8 என்பதைப் பற்றிப் பேசக் காணோம்.

உறுதி இடமா தகுதி இடமா என்று அடித்துக்கொள்கிறோம். எட்டுக்கு இடம் கொடுத்துவிட்டு, தகுதி அடிப்படை என்று பெயர் வைத்தால் பத்து அணிகளில் எட்டுக்கு அதுவும் உறுதி இடம்தான்.

---

புதுசு_2 எழுதியது:

மன்னிக்கவும், நான் ரக்பி பார்க்க ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகிறது. ஒரு அணி வேண்டுமென்றே பலவீனமான ஆட்களை இறக்குமா? தோற்றால் ரசிகர்கள் கேட்கமாட்டார்களா?

---

பழைய_ஸ்க்ரம் எழுதியது:

இறக்கும், தம்பி. குற்றமும் இல்லை. ரக்பி வீரன் வாராவாரம் ஆடினால் உடம்பு தாங்காது, எப்படியும் மாற்றி மாற்றித்தான் ஆட்களை இறக்கவேண்டும். கேள்வி, எந்த வாரம் ஓய்வு கொடுப்பது என்பதுதான். அதை முடிவு செய்வது தகுதி விதி.

2022 ஏப்ரலில் லெய்ன்ஸ்டர் தென்னாப்பிரிக்காவில் இரண்டு ஆட்டம் ஆடவேண்டியிருந்தது. லீக்கில் முதலிடம் கிட்டத்தட்டக் கையில். ஐரோப்பிய நாக்-அவுட் எதிரே நிற்கிறது. பெரிய தலைகளை வீட்டில் விட்டுவிட்டு இளம் அணியை அனுப்பினார்கள். ஷார்க்ஸிடமும் ஸ்டார்மர்ஸிடமும் தோற்றார்கள், இருந்தும் லீக்கில் முதலிடம் போகவில்லை. லெய்ன்ஸ்டருக்கு நஷ்டமே இல்லை. ஆனால் ஸ்டார்மர்ஸ் இரண்டாவது இடத்தில் முடித்து, அந்த இடம் தந்த சொந்த மைதான வசதியோடு இறுதிப் போட்டி வரை போய்க் கோப்பையையும் தூக்கியது. லெய்ன்ஸ்டரின் முழு அணியை எதிர்கொண்டு தோற்றவர்கள் இதைப் பார்த்து என்ன நினைப்பார்கள்? எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். ஓய்வு எடுக்கும் அணிக்கு ஒன்றும் ஆகாது. மூன்றாவது ஆள் ஒருவன் அடிவாங்குவான்.

---

கீழிறக்கம்_வேண்டும் எழுதியது:

எல்லாரும் மேல்வாசலையே பேசுகிறீர்கள். கீழ்வாசலைத் திறந்து வையுங்கள், போட்டி தானாக வரும். பிரான்ஸைப் பாருங்கள். அவர்களுடைய முதல்நிலை லீக்கான டாப் 14ல் கடைசி அணி நேராகக் கீழே. பதின்மூன்றாவது அணி, இரண்டாம் நிலை லீக்கின் இறுதியில் தோற்ற அணியோடு ஒற்றை ஆட்டம் ஆடவேண்டும். மோன்பெலியே 2022ல் பிரான்ஸின் சாம்பியன். 2024ல் அதே மோன்பெலியே இந்த ஒற்றை ஆட்டத்தில் கிரனோபிளை எதிர்த்து நின்றது, மயிரிழையில் தப்பித்தது. இரண்டு வருடத்தில் சிம்மாசனத்திலிருந்து தூக்குமேடை வரை! பாவம் கிரனோபிள், 2023, 2024, 2025 என்று மூன்று வருடம் தொடர்ந்து இதே ஆட்டத்தில் தோற்றிருக்கிறது. அவர்கள் ரசிகனாக இருப்பதற்குத் தனி மனோதிடம் வேண்டும்.

இங்கிலாந்தில்? ஈலிங் 2022லும் 2024லும் இரண்டாம் நிலைப் பட்டத்தை வென்றது. மேலே போக முடிந்ததா? மைதானத்தில் 10,001 பேருக்கு இடமில்லை என்று கதவைச் சாத்தினார்கள். 2010ல் இந்த மனப்பான்மை இருந்திருந்தால் எக்ஸிடர் என்ற அணியையே நாம் பார்த்திருக்க மாட்டோம். அந்த வருடம் மேலே வந்தார்கள், 2017ல் லீக் சாம்பியன், 2020ல் லீக், ஐரோப்பா இரண்டும்.

---

கோடுதாண்டி எழுதியது:

எக்ஸிடரைச் சொன்னால் லண்டன் வெல்ஷையும் சொல்லவேண்டும். 2014-15ல் மேலே வந்தார்கள். 22 ஆட்டம், 22 தோல்வி. செப்ரேவின் அதே கணக்கு! ஒருவன் ஒதுக்கீட்டில் வந்து 22 தோற்றான், ஒருவன் முறையாகத் தகுதி பெற்று வந்து 22 தோற்றான்.

கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு பழைய கதை. 2002ல் ராதர்ஹாம் இரண்டாம் நிலையில் முதலிடம், மைதான விதியில் சிக்கி மேலே வரமுடியவில்லை. அதனால் கடைசியில் இருந்த லீட்ஸ் தப்பியது. அடுத்த வருடம் லீட்ஸ் ஐந்தாவது இடம் பிடித்து ஹைனகென் கோப்பைக்கே தகுதி பெற்றது. ராதர்ஹாமுக்குச் செய்தது அநியாயம், லீட்ஸுக்குக் கிடைத்தது அவகாசம். இதை எந்தக் கட்சியில் சேர்ப்பீர்கள்?

டாப் 14ன் மறுபக்கமும் இருக்கிறது. 26 சுற்று, கீழே விழும் பயம், அதனால் பல பிரெஞ்சு அணிகள் ஐரோப்பிய வெளியூர் ஆட்டத்துக்கு இரண்டாம் அணியை அனுப்புகின்றன. 2012ல் புரோ12 அணிகள் மீது சொன்ன அதே குற்றச்சாட்டு, திசை மட்டும் மாறியிருக்கிறது. ஒரு லீக்கில் போட்டியை முறுக்கினால் இன்னொரு கோப்பையில் தளர்கிறது.

---

ஜிஃப்_ரசிகன் எழுதியது:

தகுதி விதி என்றால் வீரர்களின் தகுதியும் சேர்த்தியா? பிரான்ஸில் 23 பேர் கொண்ட ஆட்ட அணியில் சராசரியாக 16 பேர் அந்த நாட்டு அகாடமிகளில் வளர்ந்தவர்களாக இருக்கவேண்டும் என்று விதி. அது போட்டியை எவ்வளவு மாற்றியது என்று

---

நெறியாளர் எழுதியது:

அது பெரிய தலைப்பு, தனி இழை தொடங்குங்கள். இங்கே அணிகளின் தகுதி மட்டும்.

---

ஜிஃப்_ரசிகன் எழுதியது:

சரி. (பாதி வாக்கியத்தில் அனுப்பிவிட்டேன், அதற்குள் விசில்.)

---

ஒன்பதாம்_சட்டை எழுதியது:

இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் ஒரு பின்வாங்கல். முழுப் பின்வாங்கல் இல்லை, அரை.

எல்லாவற்றையும் படித்தபின் இரண்டு மாதிரி உறுதி இடங்களை நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன் என்று தோன்றுகிறது. பழைய ஹைனகென் கோப்பையில் இத்தாலிக்கு இரண்டு இடம், இருந்தது இரண்டு அணி. அந்த இடத்தை யாரும் பறிக்க முடியாது. ஸ்காட்லாந்திலும் அதே. ஆனால் 2014க்குப் பிறகு இத்தாலிக்கு உறுதி ஒன்றுதான். ட்ரெவிசோவும் செப்ரேவும் பட்டியலின் அடியில் கிடந்தபடியே அந்த ஒரு இடத்துக்காக ஒருவரை ஒருவர் பிறாண்டினார்கள். பெரும்பாலும் ட்ரெவிசோ, ஒருமுறை செப்ரே. லீக்கின் கடைசி இரண்டு அணிகளுக்கு இடையில் ஏப்ரல் மாதத்தில் ஒரு உயிருள்ள போட்டி! பிறகு அந்த உறுதியையும் எடுத்தார்கள். 2018-19ல் இத்தாலியிலிருந்து யாரும் இல்லை. அடுத்த சீசனுக்கு பெனட்டன் ட்ரெவிசோ யார் தயவும் இல்லாமல் சொந்தமாகத் தகுதி பெற்றது. 2018-19 லீக் காலிறுதியில் அயர்லாந்தின் மன்ஸ்டரிடம் 15-13 என்றுதான் தோற்றது.

வேல்ஸ் பிராந்திய இடமும் அப்படித்தான். நான்கு அணிகள், ஒரு இடம். அந்த விதி இருந்தவரை பத்தாவது இடமும் பதினான்காவது இடமும் மோதும் வேல்ஸ் டெர்பிக்கு (உள்ளூர் எதிரிகளின் மோதலுக்கு) அர்த்தம் இருந்தது. இப்போது அது போய்விட்டது. இப்போதைய விதியில் முதல் எட்டுக்கு லீக் காலிறுதியும், (ஷார்க்ஸ் மாதிரி கோப்பை வென்ற அணி குறுக்கே வராவிட்டால்) அதே எட்டுக்கு சாம்பியன்ஸ் கோப்பையும். இரண்டு பரிசும் ஒரே கோட்டில். எட்டாவதுக்கு எல்லாம், ஒன்பதாவதுக்கு ஒன்றுமில்லை. மார்ச் மாதமே பன்னிரண்டாவது இடத்தில் இருப்பவன் எதற்காக ஆடுவான்?

ஆக இடம் உறுதியா இல்லையா என்று கேட்பதை விட்டுவிட்டேன். அந்த இடத்தைப் பிடுங்க இன்னொருவன் பக்கத்தில் நிற்கிறானா என்று கேட்கிறேன். கோடுதாண்டி சொன்ன இங்கிலாந்தின் 10க்கு 8லும் அதுதான் குறை. நிற்பதற்கே ஆளில்லை.

எட்டாவது வந்த ஷார்க்ஸை வெளியே தள்ளியது சரி என்று மட்டும் இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை. பிராந்தியத்துக்கு இடம் கொடுப்பதானால் அதை அந்த எட்டுக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கட்டும்.

---

மழையில்_பந்து எழுதியது:

கூடுதலாகக் கொடுத்தால் 24 போதாது, 28 ஆக்கவேண்டும். அப்புறம் கோடுதாண்டி வந்து 56 ஆட்டம் ஆடி எத்தனை பேரை வெளியே அனுப்புகிறோம் என்று கணக்குக் கேட்பார்.

---

கோடுதாண்டி எழுதியது:

கேட்பேன்.

---

பழைய_ஸ்க்ரம் எழுதியது:

ஒன்பதாம்_சட்டை சொன்னதில் ஒரு திருத்தம். ஒரே கோடு என்பதால் சுவாரசியம் செத்துவிட்டது என்பதை ஏற்கமாட்டேன். 2024-25ல் ஸ்கார்லெட்ஸ் எட்டாவது, கார்டிஃப் ஒன்பதாவது. இரண்டுமே வேல்ஸ் அணிகள். உறுதி இடம் எதுவும் இல்லாமலே அந்த டெர்பி கடைசி வாரம் வரை இழுத்தது. ஸ்கார்லெட்ஸ் உள்ளே போனது, கார்டிஃப் வெளியே நின்றது.

---

மழையில்_பந்து எழுதியது:

அது ஒரு வருட அதிர்ஷ்டம் அண்ணே. அதற்கு முந்தைய வருடம் கார்டிஃப் பன்னிரண்டு, ஸ்கார்லெட்ஸ் பதின்மூன்று. அந்த ஏப்ரலில் அவர்கள் ஆடியதை நீங்கள் பார்த்தீர்களா?

---

பழைய_ஸ்க்ரம் எழுதியது:

இல்லை. பார்க்கவில்லை.

---

புதுசு_2 எழுதியது:

எல்லாம் புரிந்த மாதிரி இருக்கிறது, கொஞ்சம் புரியாத மாதிரியும் இருக்கிறது. சீசன் கடைசி மாதத்தில் ஒரு வாரத்துக்கு ஒரு லீக் ஆட்டம்தான் பார்க்க நேரம் கிடைக்கும் என்றால் எதைப் பார்ப்பது?

---

ஒன்பதாம்_சட்டை எழுதியது:

பட்டியலில் ஏழிலிருந்து பத்துக்குள் இருக்கும் இரண்டு அணிகள் மோதினால் அதைப் பாருங்கள். முதலிடத்து அணி ஆடும் ஆட்டத்தை மட்டும் அணி அறிவிப்பு வரும்வரை நம்பாதீர்கள்.